குட்டி ரயிலும் அதன் அழுக்கும்

கலிபோர்னியா மாகாணத்து மான்டரே நகரில், ஜான் ஆலன் என்னும் புகைப்படக் கலைஞர், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிற்பட்ட தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, வீட்டு நிலவறைக்குள் தரையிலிருந்து கூரைவரை மலைகளையும், அவற்றினிடையே பள்ளத்தாக்குகளையும், பள்ளத்தாக்குகளைக் கடக்கும் பாலங்களையும் நிர்மாணித்து, அவற்றின் ஊடே விரற்கடை அகலத் தண்டவாளத்தில் ரயில் ஓட்டி வந்தார். அந்தக் குட்டி ரயில்வேக்கு 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று பெயர். பொம்மை ரயில் பிரியர்கள் தங்கள் வண்டிகளைக் கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல் வைத்திருப்பதே கௌரவம் என்று எண்ணியிருந்த அந்நாளில், ஆலனோ தம் எஞ்சின்களுக்குப் புகைக்கரியும், பெட்டிகளுக்குத் துருவும், கட்டிடங்களுக்கு மழைக்கறையும் பூசி வைத்தார். அவருடைய படங்களைப் பத்திரிகைகளில் கண்டவர்கள், அவை மெய்யான மலைப்பாதையில் எடுத்தவையோ என்று மயங்கும்படி இருந்ததற்கு இந்த அழுக்கு ஒரு முக்கிய காரணம்.

ஆலன் கையாண்டது 87இல் ஒரு பங்கு என்னும் விகிதம். இன்றும் உலகில் மிகுதியாக வழங்குவது இதுவே. நீளத்தை 87இல் ஒன்றாக்கினால் பரப்பு 7,569இல் ஒன்றாகவும், கன அளவு 6,58,503இல் ஒன்றாகவும் குறைந்துவிடுமாகையால், காலியாக 20 டன் நிறையுள்ள 40 அடிச் சரக்குப் பெட்டி, கணக்குப்படி குட்டி உருவத்தில் சுமார் 30 கிராம்தான் இருக்கவேண்டும். அவ்வளவு இலேசான பெட்டி வளைவுகளில் தடம் புரண்டு விழும். ஆகவே அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம், இந்த விகிதத்துப் பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்ஸும், அதன்மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் நிறை இருப்பது உசிதம் என்று சிபாரிசு செய்கிறது. அந்த வாய்ப்பாட்டின்படி நம் பெட்டி ஏறக்குறைய 106 கிராம் ஆகிறது. கண்ணுக்கு உண்மையாக இருக்கவேண்டுமானால் நிறையில் பொய் சொல்லியாக வேண்டியிருக்கிறது. உருவத்தை மனிதன் இஷ்டப்படி சுருக்கலாம். பூமியின் ஆகர்ஷணமும், காற்றின் தன்மையும், நீரின் சுபாவமும் அவனோடு சேர்ந்து சுருங்க மறுக்கின்றன. எது சுருங்கும், எது சுருங்காது என்ற விவேகமே இந்தக் கலையின் உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம்.

நீர் இதில் பெரும் பிடிவாதக்காரி. குட்டி மலையிலிருந்து உண்மையான நீரையே அருவியாக விழவிட்டால், மூன்று மில்லிமீட்டர்த் துளி ஒவ்வொன்றும் அந்தச் சிற்றுலகத்துக் கணக்கில் 26 சென்டிமீட்டர்ப் பூசணிக்காயாகத் தோன்றும்; துளியின் பருமனை நிர்ணயிக்கும் பரப்பு இழுவிசைக்கு நம் விகிதம் எதுவும் தெரியாது. வேகமும் அப்படித்தான். இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் தரையைத் தொட இரண்டு விநாடி ஆகுமென்றால், அதன் குட்டி வடிவமான 23 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் ஐந்திலொரு பாகத்துக்குச் சற்று மேல் போதும். இதனால்தான் கைதேர்ந்தவர்கள் நீரைத் தொடாமல், தெளிந்த பிசினை ஊற்றி உறையவைத்து, ஆற்றையும் குளத்தையும் சமைக்கிறார்கள்.

ஆனால் மணலும் ஜல்லியும் நிலக்கரியும் அவ்வளவு பிடிவாதம் செய்வதில்லை. குவியலாகக் கொட்டிய பொருள் சரியாமல் நிற்கும் சரிவுக் கோணம், துகளின் பருமனைப் பெரிதும் பொறுத்ததன்று. மாவுபோல் நுண்ணியதாகி ஒட்டிக்கொள்ளாதவரை பெரிய குவியலும் சிறிய குவியலும் ஒரே சாய்வில் நிற்கும். ஆகவே மெய்யான நிலக்கரியையே பொடித்துச் சலித்து, எஞ்சினின் பின்னே இழுபடும் கரிவண்டியில் கொட்டினால், அது தானாகவே இயல்பான வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. தண்டவாளத்தடியில் பரப்பும் சிறு ஜல்லியை ஒட்டவைக்க, நீரில் கரைத்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வெறும் கரைசல் தாமரை இலைத் தண்ணீர்போல் மேலேயே உருண்டு நின்று துகள்களைக் கலைத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு துளி சேர்த்தாலோ, பரப்பு இழுவிசை தளர்ந்து, ஜல்லியின் இடுக்குகளுக்குள் அமைதியாக ஊறி இறங்குகிறது.

அருவியைக் கெடுத்த அதே விசை, வண்டிக்கு வயதேற்றும்போது உற்ற தோழனாகிவிடுவது விந்தை. கருமையோ பழுப்போ கலந்த வர்ணத்தை மிக நீர்க்கக் கரைத்துப் பெட்டியின்மேல் ஓடவிட்டால், அது பலகைச் சந்துகளையும் ஆணித்தலைகளின் ஓரங்களையும் தானே தேடிச் சென்று தங்கிவிடுகிறது. மெய்யான பெட்டியிலும் மழை நீர் அழுக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவ்விடங்களில்தான்; தூரிகையைக் கொண்டு எத்தனை பிரயாசைப்பட்டாலும் அத்தனை இயல்பு வராது.

எங்கே என்ன அழுக்கு என்பதற்கும் காரணகாரிய நியாயம் உண்டு. கூரையில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் வர்ணத்தைப் பிணைக்கும் பசையைச் சிதைத்துவிடுவதால் நிறம் வெளுத்துச் சுண்ணமாகிறது. அடிப்பாகத்திலோ, பிரேக் கட்டை உராய்ந்து உதிர்த்த இரும்புத் தூளும், சக்கரம் வாரியிறைத்த மண்ணும் சேர்ந்து செம்பழுப்பாகப் படிகின்றன. நீராவி எஞ்சினின் பாய்லரில் வெள்ளைக் கோடுகள் வழிந்திருந்தால், அவை கசிந்த நீர் ஆவியாகி விட்டுச்சென்ற உப்புகள். துரு, வர்ணம் முதலில் தேயும் விளிம்புகளிலும், சரக்கு இடித்துக் கீறிய இடங்களிலும் தொடங்கும். தண்டவாளத்தின் பக்கங்கள் துருவேறியிருக்க, சக்கரம் நித்தமும் உரசும் தலை மட்டும் வெள்ளிபோல் பளபளக்கும். தலையும் துருப்பிடித்திருந்தால் அது வண்டி வராத கைவிட்ட பாதை. இந்த நியாயத்தை அறியாமல் வண்டி முழுவதும் ஆரஞ்சு நிறத்தை அப்பிவிட்டு அதற்குத் துரு என்று பெயர் சூட்டுகிறவர்கள் உண்டு. அழுக்கைப் பூசாத வண்டி பொம்மையாகத் தெரிகிறது. அவர்கள் பூசிய வண்டியோ நோயாளியாகத் தெரிகிறது.

வர்ணம் உரிந்து துரு எட்டிப்பார்க்கும் தோற்றத்துக்கு ஓர் அழகான உபாயம் உண்டு. முதலில் துரு நிறம். அது காய்ந்தபின் தலைமுடியைப் படியவைக்கும் ஸ்பிரே ஒரு பூச்சு. அதன்மேல் நீரில் கரையும் வர்ணம். பிறகு ஈரத் தூரிகையால் இலேசாகத் தேய்த்தால், நடுப்பூச்சு கரைந்து மேல்வர்ணம் செதிலாக உரிந்துவிடும்.

நிறத்தின் அடர்த்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நண்பகல் வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். வீட்டு அறையிலோ சில நூறு லக்ஸ்தான். அந்த மங்கிய ஒளியில் எஞ்சினின் சுத்தமான கறுப்பு, விவரங்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. அனுபவசாலிகள் கறுப்புக்குப் பதில் கருஞ்சாம்பலைத் தீட்டுவதற்கும், எல்லா நிறங்களிலும் சிறிது வெளிர்மை கலப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

ஆலன் 1973 ஜனவரி 6ஆம் தேதி காலமானார். பத்தே நாட்களில் நிலவறையில் தீப்பற்றி அவருடைய ரயில்வே அழிந்தது. அவர் எடுத்த படங்களும், அவரைப் பற்றி லின் வெஸ்ட்காட் எழுதி 1981இல் வெளிவந்த நூலுமே இக்கலையைப் பயில்வோருக்கு இன்று பாடப்புத்தகமாக விளங்குகின்றன.

இதைப் படித்துவிட்டு யாரேனும் தூரிகையை எடுக்க விரும்பினால், விலையுயர்ந்த எஞ்சினில் கை வைக்கவேண்டாம். மலிவான சரக்குப் பெட்டி ஒன்றை வாங்கி, மெய்யான பெட்டி ஒன்றின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் மெருகைப் போக்கும் மங்கற்பூச்சு ஒன்றை அடித்து, அதன்பின் நீர்த்த வர்ணத்தை மேலிருந்து கீழாக, மழை இறங்கும் திசையிலேயே ஓடவிடுங்கள். ஒரு பூச்சு முற்றும் காயாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.