வல்வைக் கப்பலும் காற்றும்

யாழ்ப்பாணத்து வடகரையிலே வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், 1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தை அடைந்தது. அதனை விலைக்கு வாங்கிய அமெரிக்கர் வில்லியம் றொபின்சன், தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். ஓட்டிச் சென்றோரோ வல்வைக் கடலோடிகளே.

துணிவொன்றே அவர்களைக் கொண்டுசென்றது என மாணவர் நினைத்தல் கூடும். அன்று. இரு பாய்மரங்களிலும் குறுக்குமரங்களிற் சதுரப்பாய் விரிக்கும் இவ்வகைக் கப்பலைப் ‘பிரிக்’ என்பர். பின்னிருந்து காற்று வீசின் அது விரைந்தோடும்; எதிர்க்காற்றிலோ இடமும் வலமுமாகக் கோணிக் கோணியே முன்னேறல் வேண்டும். ஆதலின் பயணத்துக்கு நாட்குறிக்கும் தண்டையல் முதலில் எண்ணுவது தொலைவையன்று, மாதத்தையே. வாடை வீசுங்காலத்து ஏடன் நோக்கி ஓடலாம். சோழகக் காலத்து அங்கிருந்து மீளலாம். செங்கடலின் வடபாதியிலோ ஆண்டின் பெரும்பகுதியும் வடக்கிருந்தே காற்று வீசும். சூயஸ் நோக்கிச் செல்லும் பாய்க்கப்பலுக்கு நெஞ்சுரத்தினும் பொறுமையே அங்கு வேண்டற்பாலது.

பருவக்காற்றைக் கரும்பலகையில் அம்புக்குறியிட்டுக் கற்பிக்கும் நாம், அதனை உயிர்ப்பொருளாகக் கற்றிருந்த முதியோரிடம் ஒரு நாளேனும் சென்று கேட்டிலோம். பாய், கயிறு, மரம் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களைத் தானும் நம் குறிப்பேட்டில் எழுதி வைத்திலோம். பழைய மாணவருள் கடலோடிக் குடும்பத்தினர் உளராயின், தம் இல்லத்து முதியோர் வாய்ச்சொற்களை எழுதி நமக்கு அனுப்புமாறு வேண்டுகின்றோம்.