தனித்தனிக் கோப்பு, ஒரே தண்ணீர்

வங்கியில் இருந்தபோது போர்வெல் கடன் விண்ணப்பங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். மோட்டார் இவ்வளவு, குழாய் இவ்வளவு, மகசூல் இவ்வளவு, தவணை இவ்வளவு. கணக்கு சரியாக இருக்கும், கையெழுத்துப் போட்டுவிடுவேன். பக்கத்து வயல்காரர் கோப்பும் அதே மேஜையில்தான் கிடக்கும். இரண்டு பேரும் ஒரே நிலத்தடி நீரைத்தானே நம்பியிருக்காங்க என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது காஞ்சிபுரம் பக்கத்தில் நானே பயிர் செய்கிறேன். சுற்றிலும் போர் போட்டதில் என் கிணறு இறங்கும்போதெல்லாம் அந்தக் கோப்புகள் ஞாபகம் வருது.

ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் வேண்டும். 40 சதவீதத் திறனுள்ள மோட்டார் அதை 100 அடியிலிருந்து தூக்க சுமார் 20 யூனிட் ஆகும். நீர்மட்டம் 300 அடிக்குப் போனால் 60. நம்ம மாநிலத்தில் பாசன மின்சாரம் இலவசம் என்பதால் இந்த மூன்று மடங்கு நம் கண்ணில் படுவதில்லை. நெல்லா, கேழ்வரகா என்று நாம் எடுக்கும் முடிவு தண்ணீர், மின்சாரம் இரண்டையும் மாற்றிவிடுகிறது.

இவற்றை ஒரே கணக்காகப் போட ‘ஓசிமோசிஸ்’ என்ற மென்பொருள் உண்டு. அதை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2011இல் வந்தது. காசு கிடையாது, நிரலை யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். தேவை எவ்வளவு, எந்தெந்த வழியில் கிடைக்கும், அவற்றின் செலவு, வரம்பு எல்லாவற்றையும் கொடுத்தால், வரம்பு மீறாமல் மொத்தச் செலவு குறைந்த வழியைக் காட்டும். மின்சாரத் திட்டமிடலுக்கென்று பிறந்தது. இப்போது நிலம், நீர், பருவநிலையையும் அதிலேயே கோக்கிறார்கள். அந்த முறைக்கு ‘கிளூஸ்’ என்று பெயர்.

கிளூஸ் முறையில் மொரீஷியஸ் தீவை ஆராய்ந்த கட்டுரை 2013இல் வெளியானது. (அன்று இதைத் தனித்தனி மென்பொருள்களை இணைத்துச் செய்தார்கள்.) கரும்பிலிருந்து எத்தனால் எடுத்தால் பெட்ரோல் இறக்குமதி குறையும், தனியாகப் பார்த்தால் லாபம். ஆனால் மழை குறைந்தால் கரும்புக்குப் பாசனம் கூடும், தண்ணீர் இறைக்க மின்சாரம் கூடும், அதற்கு நிலக்கரி இறக்குமதியாகும். இந்தப் பக்கம் மிச்சம் பிடித்தது அந்தப் பக்கம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. நாம் கொடுக்கும் விலைதான் மென்பொருளுக்குத் தெரியும். தண்ணீருக்குப் பூஜ்யம் போட்டு, வரம்பும் வைக்காமல் விட்டால், கிணறு வற்றும்வரை இறைக்கச் சொல்லும். மண்ணின் மட்கு கணக்கிலேயே வராது. நிரல் திறந்திருப்பது இதற்குத்தான் உதவும்: திட்டத்தோடு வருகிற அதிகாரியிடம், “தண்ணிக்கு என்ன மதிப்புப் போட்டீங்க, காட்டுங்க” என்று கேட்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் தனித்தனிதான். ஆனால் இரண்டும் ஒரே சபையின் கீழ் இருந்தன.

மென்பொருளுக்கு முன்னால் அளவுகள் வேண்டும். நாங்கள் நாலு கிணற்றில் மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளக்கிறோம், மோட்டார் ஓடிய நேரத்தையும் நோட்டில் எழுதுகிறோம். ஐந்தாவது கிணற்றுக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.