சிக்னலில் நடுங்கும் கார்... 'உஸ்' சத்தம் எங்கிருந்து வருகிறது?

நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு போகும் கார், சிக்னலில் நின்றதும் நடுங்க ஆரம்பிக்கிறது. ஆர்.பி.எம் முள் தானாக ஏறி இறங்குகிறது. சில நேரம் இன்ஜினே அணைந்துவிடுகிறது. பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், எதுவுமே நடக்காததுபோல் கார் கிளம்பிவிடுகிறது.

இதற்காக ஸ்பார்க் பிளக், இக்னீஷன் காயில், ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவான பிறகுதான், வெடித்துப்போன ஒரு விரல்நீள ரப்பர் குழாய் காரணம் என்று தெரியவரும். மெக்கானிக்குகள் இதை 'வேக்யூம் லீக்' என்பார்கள். பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பெரிய கருவிகள் இல்லாமல் வீட்டு வாசலிலேயே இதைத் தேடிப் பார்க்கலாம்.

ஸ்ட்ராவில் ஓட்டை

இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால், எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் அதிகம் வரும். இன்ஜினிலும் இதே கதைதான். கார் நின்றபடி ஓடும்போது த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்களோ காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம், வெளிக்காற்றில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று பாய்ந்து உள்ளே நுழையும்.

1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்கில் வராத காற்று கலந்தால் இந்த விகிதம் கெடும். வேகமாகப் போகும்போது இன்ஜின் நிறையக் காற்றை இழுப்பதால், இந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியாது. சிக்னலில் மட்டும் தொல்லை வருவது அதனால்தான்.

முதல் சோதனை பிரேக்கில்!

பிரேக்கை லேசாக மிதித்தாலே கார் நிற்க உதவும் பிரேக் பூஸ்டர், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இதே வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. அந்தக் குழாயில் கசிவு இருந்தால், இன்ஜின் நடுக்கத்தோடு பிரச்னை முடிவதில்லை. அவசரத்தில் பிரேக் பெடல் கல்போல் இறுகிவிடும்.

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவே இல்லை என்றாலோ, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் 'உஸ்' சத்தம் வந்து இன்ஜின் தடுமாறினாலோ, வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

கண்ணும் காதும் போதும்

காரைத் திறந்த வெளியில், சமதளத்தில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, உயிரைப் பறிக்கும். நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். துப்பட்டா, முந்தானை, நீண்ட செயின் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுழல ஆரம்பிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முதலில் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டுப் பாருங்கள். ரப்பர் குழாய்களை மெல்ல வளைத்தால், முனைகளில் உள்ள வெடிப்புகள் வாய் திறக்கும். கழன்ற கிளாம்ப், சரியாக உட்காராத ஆயில் டிப்ஸ்டிக், மூடாத ஆயில் மூடி ஆகியவற்றையும் கவனியுங்கள். சில நாள் ஓடாமல் நின்ற வண்டி என்றால் எலி கடித்த தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிறகு ஸ்டார்ட் செய்து, 2 அடி நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையைக் குழாய் இணைப்புகளின் அருகே நகர்த்துங்கள். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்போல, கசியும் இடத்தில் சத்தம் கூடும்.

தண்ணீர் காட்டிக்கொடுக்கும்

ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சந்தேகப்படும் இணைப்பில் பனித்துளிபோல் லேசாகத் தெளியுங்கள். சைக்கிள் டியூபில் வருவதுபோல் குமிழ் வரும் என்று காத்திருக்க வேண்டாம். இங்கே காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது. கசிவு இருந்தால் தண்ணீர் உறிஞ்சப்படும். ஒரு நொடி 'உஸ்' சத்தம் மாறும், இன்ஜினின் ஓட்டமும் மாறும். இக்னீஷன் காயில், வயர் இணைப்புகள், ஃபியூஸ் பாக்ஸ், சூடான சைலன்ஸர் பக்கம் தண்ணீர் படக் கூடாது.

ஓ.பி.டி ஸ்கேனர் இருந்தால் மொபைலிலும் தடயம் கிடைக்கும். 'பி0171' என்ற கோடு, கலவையில் பெட்ரோல் குறைவு என்பதைச் சொல்கிறது. ஃபியூயல் ட்ரிம் அளவு ஐடிலிங்கில் பிளஸ் 15 சதவிகிதத்தைத் தாண்டி, 2,500 ஆர்.பி.எம்-மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் வேக்யூம் லீக் என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால், காற்றின் அளவுக்குப் பதில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள கார்களில் இந்த எண் மாறாமலே இருக்கலாம். ஐடிலிங் வேகம் மட்டும் ஏறி நிற்கும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

கார்புரேட்டர் கிளீனர், பெட்ரோல், சமையல் கேஸ் ஆகியவற்றைக் காட்டிக் கசிவைத் தேடும் வித்தைகள் வீட்டுக்கு வேண்டாம். சூடான இன்ஜினில் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். புகை எங்கே இழுக்கப்படுகிறது என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்துவதும் ஆபத்துதான். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினை அணைத்துவிட்டு, அதற்கான மெஷினால் புகையைச் செலுத்திச் சோதிப்பார்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட்போல் கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு அதுவே சிறந்த வழி. வாரன்ட்டி உள்ள கார் என்றால் குழாய்களைக் கழற்றாமல் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.

கண்டுபிடித்த பிறகு...

குழாயைக் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுங்கள். முனை மட்டும் வெடித்து, குழாயின் நீளமும் போதுமானதாக இருந்தால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். மற்றபடி அதே அளவில் புதுக்குழாய்தான் சரி. இன்சுலேஷன் டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் சில நாள்களில் இளகிவிடும். பிரேக் பூஸ்டர் குழாயில் மட்டும் ஒட்டு, வெட்டு எதுவும் கூடாது. அந்த காருக்கான பாகத்தையே மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கசிவு கண்ணில் படாவிட்டாலும் இந்த அரை மணி நேரம் வீண் இல்லை. "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொன்னால், சோதனை முதல் பாகத்திலிருந்து ஆரம்பிக்கும். "நிற்கும்போது மட்டும் நடுங்குது, த்ராட்டிலுக்குப் பின்னாடி 'உஸ்'ஸுன்னு சத்தம் வருது, பிரேக் பெடல் சரியா இறங்குது" என்று சொல்லிப் பாருங்கள். மெக்கானிக்கின் கை நேராக அந்த ரப்பர் குழாய்க்குத்தான் போகும்.