விமானப் பாதுகாப்பும் மந்திரி இலாகாவும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நமது விமான நிலையங்களில் நிகழ்ந்த அலங்கோலத்தைப் பிரயாணிகள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். உள்நாட்டு விமானப் பிரயாணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தன் கையில் வைத்திருந்த இண்டிகோ கம்பெனி, சில தினங்களுக்குள் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துச் செய்துவிட்டது. மூட்டைகளோடும் குழந்தைகளோடும் ஜனங்கள் தவித்தார்கள். நாடெங்கும் கூச்சல் எழுந்தது. டிசம்பர் 5-ந் தேதி, விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டைரக்டர் ஜெனரல் காரியாலயம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. விமானிகளின் இரவு வேலையைக் கட்டுப்படுத்தும் புதிய விதிகளிலிருந்து அக்கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10-ந் தேதி வரையில் விலக்களித்த உத்தரவு அது! விசாரணைக் கமிட்டி ஒன்றும் நியமிக்கப்பட்டது உண்மையே. ஆனால் முதலில் தளர்ந்தது விதி.

அவ்விதிகள் திடீரென்று வானத்திலிருந்து விழுந்தவையல்ல. 2024 ஜனவரியிலேயே வெளியிடப்பட்டவை. விமானிக்கு வாரத்தில் 36 மணி நேரமாக இருந்த ஓய்வை 48 மணியாக உயர்த்தியும், இரவு வேளையில் தரையிறங்கும் தடவைகளை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் அவை வகுக்கப்பட்டன. அவ்வருஷம் ஜூன் முதல் தேதி அமுலுக்கு வந்திருக்க வேண்டும். கம்பெனிகள் ஆட்சேபித்தன, தேதி தள்ளிப் போயிற்று. விமானிகளின் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டில் வழக்காடிய பின்னரே, 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு தவணைகளில் அவை அமுலாயின. வேண்டிய விமானிகளை நியமித்துக்கொள்ள ஏறக்குறைய இரண்டு வருஷ அவகாசம் இருந்தது. ஆயினும் இரண்டாவது தவணை அமுலாகி ஒரு மாதம் கழிந்ததுமே விதிதான் வளைந்து கொடுத்தது.

அந்த உத்தரவில் கையெழுத்திட்ட உத்தியோகஸ்தரை மட்டும் குறைகூற நாம் விரும்பவில்லை. அவருடைய ஸ்தானத்தில் யார் இருந்தாலும் வேறென்ன செய்திருக்க முடியும்? அவருக்கு மேலே மந்திரி. மந்திரிக்கு எதிரே கொதித்தெழுந்த பார்லிமெண்ட். 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2025 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டமும் இந்த அடிமைத்தனத்தை அகற்றவில்லை. டைரக்டர் ஜெனரலின் மீது மேலதிகாரம் மத்திய சர்க்காருக்கே. அவருடைய உத்தரவின் மீது அப்பீல் செல்வதும் அதே சர்க்காரிடந்தான். விபத்துக்களை விசாரிக்கும் ஸ்தாபனமும் அதே மந்திரி இலாகாவின் கூரையின் கீழ்தான் இருக்கிறது. அமெரிக்காவிலோ, விபத்து விசாரணை போர்டை 1975-லேயே போக்குவரத்து இலாகாவிலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்திவிட்டார்கள்.

இந்த இலாகாவின் பெருமை எதனால் அளக்கப்படுகிறது? எத்தனை புதிய விமான நிலையங்கள் திறந்தோம், எத்தனை ஊர்களை இணைத்தோம் என்ற கணக்கினாலேயே. அதில் தவறில்லை, நாடு வளரத்தான் வேண்டும். ஆனால் வண்டியை விரைவாக ஓட்டு என்று சொல்லுகிறவனே கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டிருப்பது எங்ஙனம் பொருந்தும்? 2022 ஜனவரி வரையில் ஏர் இந்தியாவுக்கும் இந்தச் சர்க்காரே முதலாளியாக இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பரிகாரம் தெரியாமல் இல்லை. 2013 ஆகஸ்டில் அன்றைய மந்திரி அஜித் சிங், டைரக்டர் ஜெனரல் காரியாலயத்திற்குப் பதிலாக, தனி நிதியும் ஆள் நியமிக்கும் சுதந்திரமும் உள்ள ஓர் ஆணையத்தை ஏற்படுத்த லோக் சபையில் மசோதா கொண்டுவந்தார். 2014-ல் சபை கலைந்தது, மசோதாவும் காலாவதியாயிற்று. பின்னர் வந்த ஆட்சி அதை உயிர்ப்பிக்கவில்லை. பழைய காரியாலயத்திற்கே 2020-ல் சட்டத்தின் முத்திரையைக் குத்தி, அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அடுத்த சட்டம் 2024-ல் விவாதிக்கப்பட்டபோது அதன் ஹிந்திப் பெயரைப் பற்றிப் பலமான ஆட்சேபம் எழுந்தது. ஆட்சேபம் நியாயமானதே. மேலதிகாரம் யாருக்கு என்ற ஷரத்தின் மீதும் அதே ஆவேசம் பிறந்திருந்தால் நாம் இன்னும் மகிழ்ந்திருப்போம்.

இடையில் ஒரு வெட்கக்கேடான சம்பவம். 2014 ஜனவரியில், நமது பரிசோதகர்கள் போதிய அளவில் இல்லையென்று காரணங்காட்டி, அமெரிக்க விமான நிர்வாகம் இந்தியாவை இரண்டாம் தரத்திற்கு இறக்கியது. நமது கம்பெனிகள் அந்நாட்டுக்குப் புதிய பயணங்களைத் தொடங்க முடியாமற் போயிற்று. உடனே டில்லி விழித்துக்கொண்டது, ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள், 2015 ஏப்ரலில் பழைய தரம் திரும்பக் கிடைத்தது. அந்நியன் அதட்டினால் பதினான்கு மாதத்தில் நடக்கும் காரியம், நம்மவர் கேட்டால் ஏன் நடப்பதில்லை?

2010-ல் மங்களூரில் 158 பேர் மாண்ட பிறகு ஓர் ஆலோசனைக் கமிட்டி அமைத்தார்கள். அதில் அங்கம் வகித்த அனுபவமிக்க விமானி மோகன் ரங்கநாதன், குன்றின் மேல் அமைந்த கோழிக்கோடு ஓடுபாதையில், மழையில், பின்காற்றுடன் இறங்குவது அபாயம் என்று 2011-லேயே எழுத்து மூலம் எச்சரித்தார். 2020 ஆகஸ்ட் 7-ந் தேதி இரவு, மழையில், பின்காற்றுடன் இறங்கிய விமானம் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தனர். விமானி முறைகளைப் பின்பற்றாததே காரணமாக இருக்கலாமென்று விசாரணை கூறியது. கூறட்டும். அதன் பின்பு நடந்ததென்ன? ஓடுபாதையைச் சிறிது குறைத்து, முனையில் பாதுகாப்பு வெளியை விஸ்தரிக்கலாமென்ற யோசனை பலத்த எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. பெரிய விமானங்களை மீண்டும் அனுமதிக்கக் கட்சி பேதமின்றிக் கிளர்ச்சி நடந்தது. பாதுகாப்புக்காகத் தன் ஊரின் ஓடுபாதை குறையட்டும் என்று சொல்லி வோட்டுக் கேட்கும் துணிவு எந்த வேட்பாளருக்கு உண்டு? கட்டணம் குறைவாயிருக்கிறதா என்று மட்டும் பார்த்து டிக்கட் வாங்கும் நாமும் இக்குற்றத்தில் பங்காளிகளே.

இன்னொரு விந்தையையும் கவனிக்க வேண்டும். பங்கு மார்க்கெட்டுக்கு 1992-ல் சட்டபூர்வமான ஆணையம் வந்தது. டெலிபோனுக்கு 1997-ல் வந்தது. விமான நிலையங்கள் எவ்வளவு கட்டணம் வசூலிக்கலாம் என்று நிர்ணயிக்கக்கூட 2008-ம் வருஷத்துச் சட்டப்படி தனி ஆணையம் உண்டு. காசை அளப்பவனுக்குக் கிடைத்த சுயேச்சை, உயிரைக் காப்பவனுக்குக் கிடைக்கவில்லை!

2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் விமானத்தில் இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களுமாக 260 பேர் மாண்டனர். அவ்விபத்தின் பழியை டைரக்டர் ஜெனரலின் தலையில் கட்ட நாம் முற்படவில்லை. ஆனால் அதன் பின்பு ஆகஸ்ட் மாதம் பார்லிமெண்டரி கமிட்டி அளித்த அறிக்கை நம் கண் முன் இருக்கிறது. டைரக்டர் ஜெனரல் காரியாலயத்தில் அங்கீகரிக்கப்பட்ட உத்தியோகங்களில் ஏறக்குறையப் பாதி காலியாகக் கிடப்பதாக அது சொல்லிற்று. கம்பெனிகள் கொடுக்கும் சம்பளத்தைச் சர்க்கார் கொடுக்க முடியாதபோது தேர்ந்த விமானி பரிசோதகனாக ஏன் வருவான்? நிர்வாகத்திலும் நிதியிலும் பூரண சுயேச்சை அளிக்க வேண்டுமென்று கமிட்டி சிபார்சு செய்தது. நான்கு மாதங்களுக்குள் வந்ததோ டிசம்பர் 5-ந் தேதி உத்தரவு.

அக்கமிட்டியில் ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் சேர்ந்தே அமர்ந்திருந்தார்கள். 2013-ம் வருஷத்து மசோதாவின் நகல் பார்லிமெண்ட் புத்தகசாலையில் இருக்கிறது. புதிதாக எழுதும் சிரமங்கூட இல்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சபையில் எழுந்து நிற்கப் போகும் மெம்பர் யார்?