மழலையர் ஆசிரியர் படிப்பு: பணம் கட்டுமுன் பாருங்கள்

அந்தமானின் சாத்தம் படகுத்துறையில் பாம்பூ பிளாட் படகுக்காகக் காத்திருந்தபோது, பிளஸ் டூ முடித்த தெரிந்த பெண்ணொருத்தி கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஒரே ஆண்டில் மாண்டிசோரி ஆசிரியர், அரசு அங்கீகாரம், வேலை உறுதி. மறுநாளே முதல் தவணை கட்ட வேண்டுமாம். "சேரலாமாக்கா?" என்றாள். இருவரும் விளம்பரத்தை மேலும் கீழும் தேடினோம். கட்டணம் மூன்று இடத்தில் இருந்தது. எந்த அரசு, எந்த ஆணை என்பது ஓரிடத்திலும் இல்லை.

மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அவர் பெயரை இன்று யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். எழுதியதாலேயே படிப்புக்கு அங்கீகாரம் வந்துவிடாது. அதைத் தருவது 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ. அதன் அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் பெற்ற ஆசிரியர் பயிற்சித் தகுதி, அரசுப் பள்ளி வேலைக்கோ அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கோ செல்லாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதன் விதிமுறைகளில் உள்ள முன்பருவக் கல்விப் பட்டயம் இரண்டு ஆண்டு. பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். நிறுவனத்தின் பெயர் மட்டுமல்ல, நீங்கள் சேரும் படிப்பின் பெயரும் குழுமத்தின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓராண்டுச் சான்றிதழ்கள் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். தனியார் மழலையர் பள்ளிகள் பல அவற்றை ஏற்கின்றன. ஆனால் "இதை முடித்தால் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடக்கப் பள்ளிக்குத் தொடக்கக் கல்விப் பட்டயமும் தகுதித் தேர்வும் தேவை. பி.எட். கூட அதற்குப் போதாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

தீவை விட்டுப் போக முடியாதவர்களுக்கு, ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) மண்டல மையம் உள்ள இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பராமரிப்பு, கல்விப் பட்டயம் இருக்கிறது. குழந்தைக் காப்பகம், தொண்டு நிறுவனம் போன்ற வேலைகளுக்குக் கைகொடுக்கும். 2017 முதல் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பகம் வைப்பது சட்டக் கடமை. பள்ளி ஆசிரியர் வேலைக்கு இந்தப் பட்டயம் ஏற்கப்படுமா என்பதை அந்தந்த வேலை அறிவிக்கையைப் படித்தே முடிவு செய்யுங்கள்.

இங்கே பிறந்த பிள்ளை வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று வயதிலேயே தடுமாறுகிறது. தண்ணீர் வேண்டும் என்பதை எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் அழும் குழந்தைக்கு, மூன்றும் தெரிந்த டீச்சர் எவ்வளவு பெரிய ஆறுதல்! 2020 கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்வியை ஒரே கட்டமாக்கி, தாய்மொழியை வலியுறுத்துகிறது. நம் பெண்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

அங்கன்வாடிப் பணிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. 2018 அக்டோபரில் நிர்ணயித்த மத்திய மதிப்பூதியம் ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. இது போதாது, உழைப்புக்கு ஏற்ற கூலியே அல்ல. ஆனாலும் இவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பணியில் சேர்ந்த ஆணையையும் ஊதியப் பதிவுகளையும் பத்திரமாக வையுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல், பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அசல் மதிப்பெண் பட்டியலை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம்: பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.