முயல் காய்ச்சல்: டாக்டரிடம் சொல்ல மறக்காதீங்க!

"டாக்டர், மருமகளுக்குப் பிரசவம். ஆறு மாசம் அமெரிக்காவில் இருக்கப் போறோம். என்ன லேகியம் எடுத்துட்டுப் போகலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். லேகியம் இருக்கட்டும். நம் ஊரில் பலர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு காய்ச்சல் அங்கே உண்டு. துலரீமியா என்று பெயர். முயல் காய்ச்சல் என்றும் சொல்வார்கள்.

1911-ல் கலிபோர்னியாவின் துலாரி மாவட்டத்தில், தரை அணில்களிடம் இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். முயல், அணில், எலிகளிடம் இருக்கும் பாக்டீரியா இது. உண்ணி கடித்தாலும், செத்த முயலைக் கையால் தொட்டாலும் நமக்கு வரலாம். புல் வெட்டினாலும் வருமா என்றால், வரும்! 2000-ம் ஆண்டு மார்த்தாஸ் வின்யார்டு தீவில் 15 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார். புல்லும் புதரும் வெட்டியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் இருந்தது. கிளம்பிய தூசியோடு கிருமி நுரையீரலுக்குள் போயிருக்கிறது.

பெரும்பாலும் 3 முதல் 5 நாளில், சிலருக்கு இரண்டு வாரம் கழித்து, திடீரென்று குளிர்காய்ச்சல் அடிக்கும். கடிபட்ட இடத்தில் ஒரு புண். அதையொட்டி அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். எங்கள் எண்வகைத் தேர்வில் தொட்டுப் பார்ப்பதும் ஒன்று. தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், இடுப்பில் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒளிந்திருக்கும் உண்ணியும் புண்ணும் அகப்படும்.

ஊர் திரும்பிய பிறகு இது கிளம்பினால்தான் சிக்கல். நெறிக்குப் பற்று, காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் என்று வீட்டிலேயே நாளைக் கடத்துவோம். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், இதற்கு அவை போதாது. ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றோ காசநோய் நெறி என்றோ நினைக்கலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பார்த்தே இராத நோய். ஆனால் பென்சிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு இது மசியாது. ஜென்டாமைசின் ஊசியோ, டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையோ வேண்டும். எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்வார். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

அதனால், "போன வாரம்தான் அமெரிக்காவிலிருந்து வந்தேன், தோட்டத்தில் உண்ணி கடிச்சுது" என்று முதலிலேயே சொல்லுங்கள். டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் பரிசோதனைக் கூடத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். கிருமியை வளர்த்துப் பார்க்கும்போது அங்கிருப்பவர்களையே தொற்றக்கூடிய பொல்லாத கிருமி இது. ஆனால் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதாகத் தெரியவில்லை. இந்தக் காய்ச்சல்தான் என்று உறுதியானால், பேரக்குழந்தையைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை.