வைத்தியக் கல்வியும் கிராமமும்

கொங்கு நாட்டில் வைத்தியக் கல்லூரிகளுக்கு இனிப் பஞ்சமில்லை. 1966-ல் கோயமுத்தூரில் சர்க்கார் கல்லூரி தோன்றியது. 1985-ல் பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனத்தார் ஒன்றைத் தொடங்கினர். 1986-ல் சேலமும், 1992-ல் பெருந்துறையும் கல்லூரி பெற்றன. 2022-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி திருப்பூர், நாமக்கல், நீலகிரி ஆகிய மூன்று ஜில்லாக்களின் கல்லூரிகளும் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்டன. இது கண்டு நாம் பெரிதும் மகிழ்கிறோம். ஆயினும் கட்டடம் எழும்பியதோடு காரியம் முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. அக் கட்டடத்தினுள் புகும் மாணவர் எதைக் கற்று, யாருக்குப் பயன்படும் வைத்தியராக வெளிவருகிறார் என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

வியாதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறப்பதில்லை. அது வீட்டிலும் வேலைத்தலத்திலும் பிறந்து, முற்றிய பிறகே கட்டிலுக்கு வந்து சேருகிறது. பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் நெஞ்சை அடைக்கிறது, மூச்சு இளைக்கிறது என்று வருகிறார். ஆலையைப் பார்த்தறியாத மாணவர் அதை ஆஸ்துமா என்று எழுதி மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும். ஆலையினுள் பறக்கும் பஞ்சுத் தூசியைக் கண்டவரோ இன்னொரு கேள்வியும் கேட்பார்: “எந்த நாளில் அதிகமாக இருக்கிறது?” விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மிகுந்து, வாரம் செல்லச் செல்லத் தணிவது பஞ்சுத் தூசி நோயின் ஆரம்ப லக்ஷணம். அந்த நிலையில் தூசியை விட்டு விலகினால் பிழைக்க வழியுண்டு. வருஷக் கணக்கில் கவனியாது விட்டால் நுரையீரல் மீளாக் கேடு அடைகிறது. ஒரு கேள்வியில் ஒரு மனிதனின் ஆயுள் அடங்கியிருக்கிறது. நூற்பாலைகள் நிறைந்த நம் ஜில்லாவில் இக்கேள்வியைக் கேட்கத் தெரியாத வைத்தியர் எத்தனை பட்டம் பெற்றும் என்ன பயன்?

மற்றோர் உதாரணம். ரத்த அணுக்கள் அரிவாள் போல் வளைந்துபோகும் பரம்பரை நோய் இந்தியாவில் இருப்பது 1952-ல் முதன்முதலாக வெளிப்பட்டது. லேமன், கட்புஷ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் நீலகிரி மலைமக்களின் ரத்தத்தைப் பரிசோதித்து அதைக் கண்டனர். தலைமுறை தலைமுறையாக அம்மக்களோடு இருந்துவந்த நோய், அவர்களைத் தேடிச் சென்றபோதுதான் தெரியவந்தது.

மக்களிடம் சென்று கற்க வேண்டும் என்பது புதிய அபிப்பிராயமன்று. 1943-ல் நியமிக்கப்பட்டு 1946-ல் அறிக்கை தந்த போர் கமிட்டி, வருங்கால வைத்தியர் சமூக வைத்தியராக விளங்க வேண்டுமென்று கூறி, அதற்கென மூன்று மாதப் பயிற்சியையும் சிபாரிசு செய்தது. நம் டாக்டர் ஏ. லக்ஷ்மணசுவாமி முதலியார் அக் கமிட்டியில் ஓர் அங்கத்தினர். பிறகு 1977-ல், ஒவ்வொரு கல்லூரியும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களை ஏற்று நடத்தி அங்கே மாணவரைப் பழக்க வேண்டுமென்று மத்திய சர்க்கார் திட்டமிட்டது. வண்டிகள் வந்தன, போதனை முறையோ பெரும்பாலும் மாறவில்லை. இப்போது மூன்றாம் முறையாக வாய்ப்பு வந்திருக்கிறது. மாணவர் முதலாண்டு தொட்டே சில குடும்பங்களோடு தொடர்பு வைத்து, அவர்கள் உடல்நலத்தைக் கவனித்துவர வேண்டுமென்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் ஏற்பாடு செய்தது. இதைக் குடும்பத் தத்தெடுப்பு என்கிறார்கள். அச்சொல் நமக்கு உவப்பாயில்லை. உழைத்துண்ணும் குடும்பம் அநாதைக் குழந்தையன்று. ஒன்றுமறியாது வாசலில் வந்து நிற்கும் மாணவரையே அக் குடும்பம் ஏற்றுக்கொண்டு பாடம் சொல்லித் தருகிறது என்பதே உண்மை.

ஆதலின் இம்முறையும் காரியம் காகிதத்தோடு நின்றுவிடாதபடி காக்க வேண்டும். நாம் கேட்பவை சிலவே. தறிக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள் வீட்டிலிருக்கும் மாலை வேளையிலோ விடுமுறை நாளிலோ மாணவர் செல்ல வேண்டும். நண்பகலில் பூட்டிய கதவைக் கண்டு திரும்புவது படிப்பாகாது. எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவை உரியவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். குறை கண்டால் சிகிச்சைக்கும் கல்லூரியே பொறுப்பேற்க வேண்டும். ஊர்க் கர்ப்பிணிகளை ஒவ்வொருவராக அறிந்த கிராம சுகாதார செவிலியரை ஏவலாளாக நடத்தாமல், ஆசிரியராக மதித்து மாணவர் அவரிடம் கற்க வேண்டும். மேலாக, கிராமத்தில் கற்றதற்குப் பரீட்சையில் கட்டிலருகே கற்றதற்குச் சமமான மதிப்பு வேண்டும். பரீட்சையில் கேட்கப்படாத பாடத்தை எந்த மாணவர்தான் சிரத்தையோடு படிப்பார்?

பொது ஊழியர்களுக்கும் இதில் கடமையுண்டு. சிறுவாணித் தண்ணீர் கோயமுத்தூருக்கு வர வேண்டுமென்று நெடுங்காலம் வாதாடிய எஸ்.பி. நரசிம்மலு நாயுடு வைத்தியரல்லர். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸுக்குச் சென்றுவந்த பத்திரிகைக்காரர். நல்ல தண்ணீரும் வைத்தியமே என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வழியில் இன்று நம்மாலும் ஒன்று செய்ய இயலும். ஆகஸ்டு 15-ந் தேதியும் அக்டோபர் 2-ந் தேதியும் கூடும் கிராம சபையில், நம் ஊருக்கு வந்துபோன கல்லூரியார் என்ன கண்டார்கள், அதற்கு என்ன செய்தார்கள் என்று கணக்குக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டு விவரங்களைக் குறித்துச் சென்றீர்களே, அதனால் எங்களுக்கு விளைந்த நன்மை யாது என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, அது குடியுரிமை.

கல்லூரிகள் ஜனங்களின் வரிப்பணத்தாலும் தர்மத்தாலும் எழுந்தவை. அவற்றில் கற்போர் நம் ஊர்களின் நோயை அறியாமல் பட்டம் பெறுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. கல்லூரி அதிகாரிகள் இவ்வாண்டிலேயே இதற்கு ஆவன செய்வார்களென எதிர்பார்க்கிறோம்.